கோடுகளைக் காட்டினால் புத்தகத்தின் பெயர் வருவது எப்படி?

பாடாலூரில் ஒரு வீட்டு அலமாரி. புத்தகத்தின் பின்னட்டைக் கோடுகளை லைப்ரரிதிங் போன்ற செயலிக்குக் காட்டினால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் திரையில் வருகின்றன. கோடுகளுக்குள்ளா இத்தனையும் இருக்கின்றன?

இல்லை. அங்கே 13 இலக்க எண் மட்டுமே. ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டைக் காட்டுகிறீர்கள் அல்லவா? அட்டை உங்களை அடையாளம் காட்டும். அரிசி, சர்க்கரைக் கணக்கு வேறெங்கோ கணினியில் இருக்கும். இதுவும் அப்படித்தான்.

கருப்புக் கோடு ஒளியை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். இவற்றின் அகலங்களைக் கேமரா படித்து எண்ணாக்குகிறது. எண்ணின் தொடக்கத்தில் உள்ள 978-க்குப் பின் 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. கடைசி இலக்கம் முந்தைய 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது; ஓர் இலக்கம் மாறினாலும் பிழை தெரிந்துவிடும்! பிறகு செயலி அந்த எண்ணை நூலகப் பட்டியல்களில் தேடி விவரத்தை எடுத்து வருகிறது.

தாத்தா காலத்துப் புத்தகத்தில் கோடே இல்லையே? புத்தகங்களுக்கு எண் இடும் முறை உலகத் தரமானதே 1970-இல்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த பழைய நூல்களை, 1994-இல் அவர் பெயரில் சென்னையில் உருவான நூலகத்தில் மனிதர்களே பார்த்துப் பார்த்துப் பட்டியலிட்டார்கள். உங்கள் வீட்டிலும் பழைய புத்தகங்களிலிருந்தே தொடங்குங்கள். அவற்றின் விவரம் இணையத்தில் இல்லாமலே போகலாம்.