கழுத்துக் கழலைக்கு எல்லாம் உப்புதான் காரணமா?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி உண்டு. பெயர் தைராய்டு. அது பெருத்தால் கழலை. கண்ணாடி முன் நின்று ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். கட்டியும் கூடவே ஏறி இறங்கினால் தைராய்டாக இருக்கலாம். கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டி வரும் கண்டமாலை வேறு. அது பெரும்பாலும் காசநோய்.

இந்தச் சுரப்பிக்கு அயோடின் சத்து வேண்டும். அது கிடைக்கலேன்னா, ஆள் குறைஞ்ச தோட்டத்துல இருக்கிறவங்களே ஓவர்டைம் பார்க்கிற மாதிரி, பெருத்துப் பெருத்து உழைக்கும். மலைநாட்டில் மழை மண்ணிலுள்ள அயோடினை அடித்துப் போய்விடும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும், ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு தின்ற பிள்ளைகளிடம் ஆறே ஆண்டில் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1962-ல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

ஆனால் ஜோகூர்ப் பாலத்துக்கு அக்கரையில், மார்சிலிங் அடுக்குமாடியில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கழுத்து வீங்கினால்? (அந்தப் பெயரே ரப்பர் முதலாளி லிம் நீ சூனின் முன்னோர் ஊர்ப் பெயர்தான்.) கடல் பக்கம், மீன் தாராளம். அங்கே உப்பை மட்டும் குறை சொல்லக் கூடாது.

உடம்பு மெலிந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கண் பிதுங்கினால் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. இது பெரும்பாலும் கிரேவ்ஸ் நோய். அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடம்பு கனப்பது என்றால் குறைவாகச் சுரக்கிறது. உடம்பே தன் சுரப்பியைத் தாக்கும் இந்த வகையை ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-ல் எழுதிவைத்தார். இன்னொன்று முடிச்சுக் கழலை. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனாலும் வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ தாமதிக்க வேண்டாம்.

"தானா வத்திடும்"னு பத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கடைக்காரர் சொன்னார் என்று அயோடின் மாத்திரையும் விழுங்காதீர்கள். சிலருக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடும். பலதுறை மருந்தகத்திலோ தோட்ட மருத்துவரிடமோ டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தாய்க்குச் சுரப்பு குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், பிள்ளை உண்டானதும் நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.