சின்னத்திரைக்குச் சூட்டும் மாலை

கொடை விழாவிலே வில்லுப்பாட்டுப் பாடும் கலைஞருக்குக் கைதட்டல் அப்போதைக்கப்போதே கிடைத்துவிடுகிறது. வில்லின் மணியொலி அடங்குமுன் கூட்டத்தின் ஆரவாரம் எழுந்து, தமது பாட்டு மக்கள் நெஞ்சைத் தொட்டதா இல்லையா என்பதை அவருக்கு உணர்த்திவிடும். மேடை நாடகத்திற்கும் அப்படியே. ஆனால் தொலைக்காட்சிக் கலைஞரின் நிலை வேறு. அவர் அழுதால் ஆயிரமாயிரம் வீட்டுக் கூடங்களில் கண்கள் கலங்குகின்றன. அவர் நகைச்சுவை சொன்னால் பாட்டி முதல் பேத்தி வரை சிரிக்கின்றனர். எனினும் அந்தக் கண்ணீரும் சிரிப்பும் அவரைச் சென்று சேர்வதில்லை. நடிகருக்காவது தெருவில் அடையாளம் கண்டுகொள்வோர் உண்டு. விளக்குப் பிடித்தவருக்கும், ஒலியைச் சீர்செய்தவருக்கும், இரவெல்லாம் விழித்து உரையாடல் எழுதியவருக்கும் அதுவும் இல்லை.

இவ்வாறு வீடுகள்தோறும் சிதறிக் கிடக்கும் கைதட்டலை ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்து, உரியவர் கையில் ஒப்படைக்கும் ஏற்பாடே தொலைக்காட்சி விருது விழா எனலாம். பட்டுச் சேலையும் பளிச்சிடும் விளக்கும் அதன் வெளித்தோற்றம் மட்டுமே. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் விழாவும் முதல் பரிசும்

உலகில் தொலைக்காட்சிக்கென வழங்கப்படும் விருதுகளில் மிகவும் புகழ்பெற்றது அமெரிக்க நாட்டின் 'எம்மி' விருது. தொலைக்காட்சிக் கலை, அறிவியல் கழகம் என்னும் அமைப்பு 1949-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் ஹாலிவுட் நகரில் இதன் முதல் விழாவை நடத்தியது. அன்று வழங்கப்பட்ட விருதுகள் ஆறே ஆறு. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அவை உரியனவாக இருந்தன. ஊர் அளவில் தொடங்கிய அந்த விழா படிப்படியாக நாடளாவிய விழாவாக வளர்ந்து, 1955-இல் நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று.

'எம்மி' என்னும் பெயர் எப்படி வந்தது என்று மாணவியர் வினவலாம். அக்காலத் தொலைக்காட்சிக் காமிராவின் உயிர்நாடியாக விளங்கியது 'இமேஜ் ஆர்த்திகான்' என்னும் ஒரு கண்ணாடிக் குழாய். தொழிலாளர்கள் அதனைச் செல்லமாக 'இம்மி' என்று அழைத்தனர். பரிசுச் சிலையோ ஒரு பெண்ணின் வடிவம். ஆகவே 'இம்மி' என்பது பெண்பெயர் போல ஒலிக்கும் 'எம்மி' ஆயிற்று. லூயிஸ் மெக்மானஸ் என்னும் பொறியாளர் தம் மனைவியையே மாதிரியாகக் கொண்டு அச்சிலையை வடிவமைத்தார். சிறகு விரித்து நிற்கும் அப்பெண் தன் கைகளில் ஓர் அணுவை ஏந்தியிருக்கிறாள். சிறகு கலையைக் குறிக்கிறது. அணு அறிவியலைக் குறிக்கிறது. கலையும் அறிவியலும் கைகோத்தால்தான் தொலைக்காட்சி என்பதை அச்சிலை சொல்லாமல் சொல்கிறது.

அந்த முதல் விழாவில் சிறந்த தொலைக்காட்சிக் கலைஞர் என்ற பரிசைப் பெற்றவர் யார் தெரியுமா? பேரும் புகழும் பெற்ற திரை நட்சத்திரம் அல்லர். ஷெர்லி டின்ஸ்டேல் என்னும் 22 வயது இளம்பெண். 'ஜூடி ஸ்ப்ளின்டர்ஸ்' என்ற பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, தம் உதடு அசையாமல் பேசி, அந்தப் பொம்மையே பேசுவதுபோல் குழந்தைகளை மகிழ்வித்தவர் அவர். பின்னாளில் கலையுலகை விட்டு விலகி, மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சைப் பணியில் ஈடுபட்டார். குழந்தைகளுக்காக உழைத்த ஒரு பெண்ணுக்கே முதல் மாலை விழுந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் தொலைக்காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டெல்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் பிறந்தது. ஆயினும் சென்னையின் அலைகள் நம் தென்கோடிக்கு எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, நம் கடற்கரை ஊர்களில் உயரமான ஆன்டெனா கட்டிக் கடல் கடந்து வந்த படத்தைக் கண்டவர்கள் உண்டு. அப்படத்தில் புள்ளி விழுந்தாலும், மூங்கில் கழியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்து பார்த்ததை நம் பாட்டிமாரும் தாய்மாரும் இன்றும் சொல்லக் கேட்கலாம். பின்னர் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் தூர்தர்ஷனை நம் பக்கம் கொணர்ந்தது. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை நெடுங்காலம் 'பொதிகை' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. 2024 ஜனவரியில்தான் அது 'டிடி தமிழ்' எனப் பெயர் மாறியது. நம் தாமிரபரணி பிறக்கும் மலையின் பெயர் தமிழகம் முழுவதும் வீடுதோறும் ஒலித்தது நமக்குப் பெருமையல்லவா?

திரைப்படத்திற்கு நம் நாட்டில் 1954 முதலே தேசிய விருது வழங்கப்பட்டு வருகிறது. தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ஒரு படைப்பும் அந்த மேடையில் ஏறியது. நாட்டுப் பிரிவினையின் துயரைச் சித்திரிக்கும் பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கோவிந்த் நிஹலானி 'தமஸ்' என்ற பெயரிலேயே படமாக்கினார். 1988-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான அப்படைப்புக்கு, தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது கிடைத்தது. அதில் நடித்த சுரேகா சிக்ரி சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். சின்னத்திரைக் கலை பெரிய திரைக்குக் குறைந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழக அரசும் திரைப்பட விருதுகளோடு சின்னத்திரை விருதுகளையும் வழங்குகிறது. 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் அவ்விழா நடந்தது. நாகர்கோவிலில் பிறந்து, சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த என். எஸ். கிருஷ்ணனின் பெயர் தாங்கிய அரங்கம் அது. திரைப்படத்தினரும், சின்னத்திரையினரும், எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் அன்று ஒரே மேடையில் சிறப்பிக்கப்பட்டனர். புகழ்பெற்றவரும் பயில்பவரும் ஒருசேரப் பரிசு பெறுவது போற்றத்தக்க வழக்கமாகும்.

விருதை எடைபோட மூன்று கேள்விகள்

விருது என்ற பெயர் தாங்கியவை எல்லாம் ஒரே தரத்தன ஆகா. ஒரு விருதின் மதிப்பை அறிய மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: தேர்ந்தெடுப்பவர் யார்? எம்மி விருதில் அந்தந்தத் தொழிலைச் சேர்ந்த கழக உறுப்பினரே தத்தம் துறைக்குரியவரை முன்மொழிகின்றனர். நடிப்பை நடிகர் எடைபோடுகிறார். ஒளிப்பதிவை ஒளிப்பதிவாளர் எடைபோடுகிறார். பொற்கொல்லனுக்குத்தானே பொன்னின் மாற்றுத் தெரியும்! அரசு விருதுகளிலோ இதற்கென அமைக்கப்படும் தேர்வுக் குழு படைப்புகளைப் பார்த்து முடிவு செய்கிறது. தனியார் அலைவரிசைகளும் தத்தம் விழாக்களை நடத்துகின்றன. 'சன் குடும்பம் விருதுகள்' 2010-இலும், 'விஜய் தொலைக்காட்சி விருதுகள்' 2014-இலும் தொடங்கின. இவை தம் வீட்டுப் பிள்ளைகளைத் தாமே பாராட்டும் குடும்ப விழாக்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் கிடைக்கும் பாராட்டு வேறு, ஊர் கூடித் தரும் பாராட்டு வேறு என்பதைப் பார்ப்போர் மறத்தலாகாது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று, தெரிந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்திக் கணக்கெடுக்கிறார்கள். விளம்பரக்காரர்கள் அந்தக் கணக்கையே நம்புகின்றனர். அது எத்தனை தலைகள் என்று எண்ணுமே தவிர, பார்த்தவர் உள்ளம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று எண்ணாது. சண்டை நடக்கும் தெருவில் கூட்டம் கூடுவதால் சண்டை நல்லதாகிவிடுமா? எண்ணிக்கை சொல்லாததைச் சொல்வதற்கே விருது தேவைப்படுகிறது. விருதும் எண்ணிக்கையின் பின்னாலேயே ஓடுமாயின் அதற்குத் தனியே வேலை இல்லை.

இரண்டாம் கேள்வி: யாருக்கெல்லாம் கிடைக்கிறது? நாயகனுக்கும் நாயகிக்கும் மட்டும் தந்து முடிவது முழுமையான விருதாகாது. இயக்குநர், உரையாடல் ஆசிரியர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், பின்னணிக் குரல் கொடுப்பவர் என்று திரைக்குப் பின்னே நிற்போரையும் தேடிச் செல்வதே சிறப்பு. வேற்று மொழி நடிகை தமிழ்த் தொடரில் பேசும்போது நாம் கேட்கும் குரல் பெரும்பாலும் இன்னொரு பெண்ணுடையது. ஆண்டுக்கணக்கில் நம் வீட்டிற்குள் ஒலித்தும் முகம் தெரியாத அவர்களுக்கு, விருது மேடைதான் முகத்தைத் தருகிறது. அமெரிக்காவில் இத்தகைய தொழிற்கலைஞர்களுக்கென்றே எம்மி விழாவைத் தனி நாளில் நடத்துகின்றனர்.

மூன்றாம் கேள்வி: எப்போது கிடைக்கிறது? மேலே சொன்ன 2022-ஆம் ஆண்டு விழாவில் வழங்கப்பட்டவை 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள். 2009-இல் செய்த பணிக்கான மாலை பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கழுத்தில் விழுந்தது. நம் பள்ளி ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்பிலே பெற்ற முதல் மதிப்பெண்ணுக்குரிய பரிசைக் கல்லூரி முடித்த பின் தந்தால் எப்படியிருக்கும்? மகிழ்ச்சி இருக்கத்தான் செய்யும். ஆனால் ஊக்கம் தேவைப்பட்ட காலம் கடந்துவிட்டிருக்கும். பயிருக்கு வாடும்போது பெய்யும் மழையே மழை. நாள் தவறாமல் வழங்கப்படும் சிறு பரிசு, நாள் தவறி வரும் பெரும் பரிசினும் மேலானது.

பெண்களும் சின்னத்திரையும்

பெண்கள் பயிலும் பள்ளியின் மலரில் இதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தொலைக்காட்சித் தொடர்களின் களம் பெரும்பாலும் வீடு. அவற்றின் நாயகியர் பெண்கள். அவற்றைப் பார்ப்போரிலும் பெண்களே மிகுதி. அப்படியிருந்தும் ஒருத்தியை ஒருத்தி வஞ்சிப்பதும், மாமியாரும் மருமகளும் நஞ்சைக் கக்குவதுமே கதையாக நீளும் தொடர்கள் எத்தனை! தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பெண்களை உயர்வாகச் சித்திரிக்கும் படத்திற்கெனச் சிறப்புப் பரிசு ஒன்று உண்டு. அந்த அளவுகோலை நாம் சின்னத்திரைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. 1985-இல் தூர்தர்ஷனில் வந்த 'ரஜனி' என்ற இந்தித் தொடரில், அநீதியைக் கண்டு பொறுக்காமல் தட்டிக்கேட்கும் இல்லத்தரசியாகப் பிரியா டெண்டுல்கர் நடித்தார். 1989-இல் 'உடான்' வந்தது. கவிதா சௌத்ரி அதைத் தாமே எழுதி, தாமே இயக்கி, தாமே நடித்தார். ஒரு பெண் தடைகளைத் தாண்டிக் காவல்துறை உயர் அதிகாரியாவதே அதன் கதை. அவருடைய அக்காள் காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையே அதற்கு ஊற்று. அந்த அக்காள் 2004-இல் உத்தராகண்ட் மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. கதை வாழ்க்கையிலிருந்து பிறந்தது. வாழ்க்கையோ கதையையும் தாண்டி உயர்ந்தது!

அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் நிகழ்ச்சிகளுக்குப் பன்னாட்டு எம்மி விருது தனியே வழங்கப்படுகிறது. 2020-இல் சிறந்த நாடகத் தொடருக்கான அவ்விருதை 'டெல்லி கிரைம்' பெற்றது. இந்தியத் தொடர் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் பெண் காவல் அதிகாரியாக ஷெஃபாலி ஷா அதில் நடித்திருந்தார். அத்தொடர் இணையவழியில் வெளியானது என்பதும் கருதத்தக்கது. பெட்டி மாறினாலும் கைப்பேசி வந்தாலும், வீட்டிற்குள் வந்து கதை சொல்லும் கலை மாறவில்லை. 2023-இல் தயாரிப்பாளர் ஏக்தா கபூருக்கும் பன்னாட்டு எம்மி அமைப்பு சிறப்பு விருது அளித்தது.

நாம் செய்ய வேண்டுவன

விருதுக் குழுவில் நமக்கு இடமில்லையே என்று எண்ண வேண்டா. தொலைக்காட்சியின் முதல் தேர்வுக் குழு நம் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து முடித்ததும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளலாம். கதை நம்பும்படி இருந்ததா? பேசிய தமிழ் நல்ல தமிழா? பெண்ணை மதித்தார்களா? ஏழையை, கறுத்த நிறத்தவரை, உடல் ஊனமுற்றவரைக் கேலிப்பொருள் ஆக்கினார்களா? இவற்றுக்கு மதிப்பெண் இட்டுப் பார்த்தால், எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். நல்லதைக் கண்டால் அந்த நிலையத்திற்கு இரண்டு வரி எழுதுவதும் நம் கடமை. குறை சொல்லி எழுதும் கைகள் பல. நிறை சொல்லி எழுதும் கைகள் சில.

மாணவியரே! நிகழ்ச்சி முடிந்தவுடன் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும். அப்போது எழுந்து போகாமல் ஒரு நிமிடம் அமர்ந்து அவற்றைப் படியுங்கள். படத்தைத் தொகுத்தவர், ஒலியைப் பதிந்தவர், உடை தைத்தவர், உணவு பரிமாறியவர் என்று எத்தனை பெயர்கள்! அவற்றில் பெண்களின் பெயர் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கூட வேண்டும் என்று தோன்றினால், காமிராவுக்குப் பின்னும் எழுதுகோலுக்குப் பின்னும் நிற்கத் தேவையான கல்வியை இப்போதே கற்கத் தொடங்குங்கள்.