சிவப்புக்கு மேல் நிறமில்லை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். மிக்ஜாம் புயல் நிவாரணமாகச் சென்னையில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் வேலை அன்றுதான் தொடங்கியது. செய்திச் சேனல்களின் கண்ணெல்லாம் ரேஷன் கடை வரிசைகளில் இருந்தது. அதே நேரத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. மறுநாள் காலை 8.30 மணிக்கு எடுத்த கணக்கில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 65 செ.மீ.தான். வானம் பார்த்த பூமி என்று சொல்லிச் சொல்லியே பழகிய ஊர்கள் அவை. அங்கே உப்பளங்கள் இத்தனை ஏக்கருக்குப் பரந்து கிடப்பதற்கு ஒரு காரணம், வெயில் தாராளம், மழை சிக்கனம் என்பது. அப்படிப்பட்ட ஊரில் ஒன்றரை வருட மழை ஒரே நாளில் கொட்டியது.

இத்தனைக்கும் அது புயல் இல்லை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றுகூட அதைச் சொல்ல முடியாது. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டிருந்த வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். செய்தி வாசிப்பவர் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகும் சமாச்சாரம் அது. புயல் என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும். படத்தில் ஒரு பாதை இருக்கும். எங்கே கரையைக் கடக்கும் என்று ஊரே பேசும். இந்தச் சுழற்சிக்குப் பெயரும் இல்லை, பாதையும் இல்லை. அது நகராமல் நின்றதுதான் ஆபத்தாகப் போயிற்று. கிழக்கிலிருந்து கடல் ஈரத்தை அள்ளி வந்த காற்று, கரையோரத்தின் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப மேகத்தைக் குவித்துக் கொட்டியது. வேகமாகக் கடந்துபோகும் பெரிய புயலைவிட, நகராமல் நிற்கும் சின்னச் சுழற்சி அதிக மழையைக் கொடுத்துவிடும். காற்று பலமாக இருந்தால்தான் மழையும் பலமாக இருக்கும் என்கிற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை.

எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று அப்புறம் ஒரு சண்டை நடந்தது. இவ்வளவு மழை பெய்யும் என்று சொல்லப்படவில்லை என்றது மாநில அரசு. 12ஆம் தேதியிலிருந்தே சொல்லி வந்தோம் என்றது மத்திய அரசுத் தரப்பு. இரண்டு தரப்பும் தாள்களைக் காட்டின. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவதைவிட, அந்தத் தாள்களில் என்ன எழுத இடம் இருந்தது என்று பார்ப்பதுதான் உபயோகமான வேலை.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை. 11.56 செ.மீ.யைத் தொட்டால் மிகக் கனமழை. 20.44 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. இதற்கு மேல் செ.மீ. கணக்கில் தனி வகை கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், 95 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களும் அப்படித்தான். நிறம் என்பது மழையின் அளவு அல்ல. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் குறி. நடைமுறையில் அதி கனமழை வரும் என்று கருதினால் சிவப்பு. ஆக, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மழைக்கும், ஊரே மூழ்கும் மழைக்கும் ஒரே நிறம்.

95 செ.மீ. என்பது எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர். அப்படியானால் 95 செ.மீ.க்கு 95 கோடி லிட்டர். முப்பது சதுர கிலோமீட்டரில் அந்த மழை பெய்தால் ஒரு டி.எம்.சி. கணக்கு வந்துவிடும். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 5.5 டி.எம்.சி. பதின்மூன்று கிலோமீட்டர் நீளம், பதின்மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தில் காயல்பட்டினத்து மழை பெய்திருந்தால், ஒரு பாபநாசம் அணைத் தண்ணீர் அங்கே நிற்கும். அணையில் அது மலைகளுக்கு நடுவே, சுவருக்குப் பின்னால் நிற்கும். இங்கே வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே நிற்கும்.

அணையைப் பார்த்த கண்

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழைக்காலத்தில் காலையில் பேப்பரை விரித்தால் முதலில் தேடுவது அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்று எண்களும் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நிரம்ப இன்னும் எத்தனை அடி என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, 'இன்னும் இருக்கு' என்று பேப்பரை மடித்து வைப்பார்கள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. 1992 நவம்பரில் பெருமழை பெய்தது மலையில். மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சியில் காயல்பட்டினத்து அளவை ஒட்டிய மழை ஒரே நாளில் பதிவானது. அணைகள் தாங்காமல் திறக்கப்பட, தாமிரபரணி கரை புரண்டது. அந்த வெள்ளத்தைப் பார்த்த தலைமுறைக்கு வெள்ளம் என்றால் அணை திறப்பது என்று மனதில் பதிந்துபோனது. வெள்ளம் மேற்கேயிருந்து வரும். வருவதற்குச் சில மணி நேரம் ஆகும். ஆற்றங்கரையில் இருப்பவன்தான் ஓட வேண்டும். இப்படி ஒரு பாடம்.

2023இல் மலையிலும் மழை குறைவில்லை. அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆனால் மிகப் பெரிய மழை பெய்தது மலையில் அல்ல, கடலோரச் சமவெளியில். காயல்பட்டினத்துக்கு மேற்கே இருக்கும் எந்த அணையாலும் காயல்பட்டினத்து மழையைப் பிடித்து வைக்க முடியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசி அணைக்கட்டு, வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். இவை எல்லாம் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடுவதற்காகக் கட்டியவை, தேக்கி வைப்பதற்காக அல்ல. மேல் அணைகளுக்குக் கீழே பெய்த மழை, பச்சையாற்றிலும் சிற்றாற்றிலும் பெயர் தெரியாத நூறு ஓடைகளிலும் இறங்கி, எந்த ஷட்டருக்கும் கட்டுப்படாமல் ஆற்றுக்குள் வந்து சேர்ந்தது. ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனதாகச் செய்திகள் சொல்லின. அந்த வேகத்தில் ஓடினால் நிறைந்த பாபநாசம் அணை பதினைந்து மணி நேரத்தில் காலியாகிவிடும்.

ஆறு மட்டுமே ஊரை மூழ்கடித்தது என்று நினைப்பதும் சரியல்ல.

குளம் உடையும் விதம்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. அதற்கு மேலே மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஒவ்வொன்றும் குளங்களுக்குப் போகிறது. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்த மறுகால் தண்ணீர்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. இப்படிக் கடல் வரைக்கும் குளத்துக்குக் குளம் கைமாறி வரும் ஏற்பாடு. நெல்லும் வாழையும் வெற்றிலையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு 65 செ.மீ. மழை பெய்யும் நாட்டில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் இருக்க, இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை யோசிக்க முடியாது.

அதே ஏற்பாடுதான் பெருமழை நாளில் ஆபத்தாக மாறுகிறது. மேல் குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழ்க்குளத்துக்கு ஒரே மூச்சில் வரும். கீழ்க்குளமோ ஏற்கெனவே தன் பங்கு மழையில் நிறைந்து மறுகால் பாய்ந்துகொண்டிருக்கும். அதுவும் உடையும். ஒரு குளத்துக்கரையில் ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பது, மூன்று குளம் தள்ளி இருக்கும் ஊரை விடியும்போது எழுப்பும்.

மண் கரை உடைவதை உடைப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நடப்பது இரண்டு விதம். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலேறி மறுபக்கம் வழிவது. அப்படி வழியும் தண்ணீர் கரையின் வெளிச்சரிவை அரித்து, ஒரு சின்ன வாய்க்கால் போல வெட்டி, அரை மணி நேரத்தில் அதை இருபது அடி அகலத்துக்கு ஆக்கிவிடும். இன்னொன்று, கரையின் அடிவயிற்றில் நடப்பது. நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் இற்றுப்போன துளை, இப்படி ஏதோ ஒன்றின் வழியாக நீர் கசிய ஆரம்பிக்கும். கசிவு தெளிவாக இருந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது. குளத்துக்கரையில் வளர்ந்தவர்கள் டார்ச் லைட்டை அடித்துப் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். பிறகு மணல் மூட்டைதான். மூட்டைக்கு மணலும், சுமக்க ஆளும், அங்கே போய்ச் சேரச் சாலையும் இருக்க வேண்டும். சாலை அதற்குள் மூழ்கியிருக்கும்.

கரையைக் காவல் காக்க ஆள் நிற்பது வேறொரு காரணத்துக்காகவும் உண்டு. தன் ஊர் மூழ்காமல் இருக்க எதிர்க்கரையை வெட்டிவிட நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இதை எந்த அரசு அறிக்கையும் எழுதாது.

வடகாலின் கடைசிக் குளம் கோரம்பள்ளம். அதன் உபரி நீர் 24 கண் மதகு வழியாக உப்பாற்று ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். அந்த மழையில் கோரம்பள்ளம் உடைந்தது. தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நகரமே கடல் மட்டத்தை ஒட்டிய தட்டையான நிலம். வந்த தண்ணீர் வடிய வேண்டிய வழியில் சாலை மேடும் உப்பளக் கரையும் குடியிருப்பும். ஏரலில் ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலையே அடித்துக்கொண்டு போனது. திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தைச் சமாளிக்க உத்தரவு போக வேண்டிய இடம் அது.

அந்த ராத்திரி நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு ரயில் நின்ற கதை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் ரயில் பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதை சரியில்லை என்ற தகவல் வந்ததும் நிலையத்தில் ரயிலைப் பிடித்து வைத்ததால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஒரு பகுதிப் பயணிகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது. 19ஆம் தேதிதான் வெளியேற முடிந்தது. எல்லோரும் ரயில் சிக்கிக்கொண்டது என்று எழுதினோம். ரயில் நிறுத்தப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். இன்ன இடத்தில் பாதை போய்விட்டது, எனவே இதற்கு மேல் போகாதே என்று சொன்ன எச்சரிக்கை அது. நான்கு மாவட்டத்துக்கும் ஒரே நிறம் பூசும் எச்சரிக்கையால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இந்த மாதிரி எச்சரிக்கை நமக்குப் புதிதும் அல்ல. திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோவிலில், ஆறு ஏற ஏற உற்சவரையும் உண்டியலையும் கரை மேலுள்ள மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் ஏறினால் எதைச் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை.

கோரம்பள்ளத்துக்கு இப்படி ஒரு அளவு இருக்கிறதா? இத்தனை அடி வந்தால் இன்னின்ன தெரு காலி செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களா? தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குளங்களில் நீர்மட்டத்தைப் பார்க்க ஒரு அளவுகோல் கல் இருக்கிறது, சில இடங்களில் அதுவும் சாய்ந்து கிடக்கிறது. அணைகளின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது, குளத்தின் நீர்மட்டம் வருவதில்லை. 2023 போன்ற மழையில் ஆபத்து குளத்திலிருந்தும் ஓடையிலிருந்தும்கூட வரும். மழைமானிகளை அதிகமாக வைப்பதும், ரேடார் வாங்குவதும் தேவையான செலவு. ஆனால் எந்த ரேடாரும் குளத்துக்கரையில் கசிவது தெளிநீரா கலங்கலா என்று பார்க்காது.

மலை மழை ஓய்ந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அடுத்த சில நாட்களில் மாஞ்சோலை மலையில் ஊத்து எஸ்டேட்டில் 50 செ.மீ.க்கு மேல் பெய்து தாமிரபரணி மறுபடி நிறைந்து ஓடியது. அணையைப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிட முடியாது. கிழக்கேயும் பார்க்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது டி.என். அலர்ட் என்றொரு செயலி இருக்கிறது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை 1077க்குக் கூப்பிட்டு, 'எவ்வளவு மழை வரும்' என்று கேட்காமல், 'எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் குளம் எது, அதன் மறுகால் எந்த வழியாகப் போகிறது, கரை உடைந்தால் எங்களை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அதே கேள்வியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். குளத்தின் பராமரிப்பு அவர்கள் பொறுப்பா, ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள குளம் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஒன்றியத்திடமும் இருக்கும்.