சக்கரமே இல்லாத வாகனத்தின் வேகத்தை அளப்பது எப்படி?

திருநாவலூரிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கு பைக்கில் போகிறோம். ஸ்பீடோமீட்டர் 40 காட்டுகிறது. சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது வேகத்தைக் காட்டுகிறது. சேற்று வயலில் டிராக்டரின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அப்படியானால், சக்கரமே இல்லாத வாகனம் மேடு பள்ளமான நிலத்தின் மேல் போகும்போது வேகத்தை எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய கட்டாயம் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்கு வந்தது. நிலவில் இறங்கும் விக்ரம் லேண்டருக்கு நான்கு கால்கள் உண்டு, சக்கரம் இல்லை. நிலவில் காற்று இல்லாததால், விமானத்தைப் போலக் காற்றின் அழுத்தத்தைக் கொண்டும் வேகத்தை அளக்க முடியாது. ஜிபிஎஸ் வசதியும் அங்கே கிடையாது.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 இன் லேண்டர் இறங்கியது. 30 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 1,683 மீட்டராக இருந்த வேகம், 7.4 கி.மீ. உயரத்தில் 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் வேகக் குறைப்பு திட்டமிட்டபடி அமையவில்லை. என்ஜின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இறங்க வேண்டிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் லேண்டர் மோதி விழுந்தது.

லேண்டருக்குள் இருக்கும் உணர்கருவிகள் அதன் வேகமாற்றத்தை நொடிக்கு நொடி கூட்டிக் கணக்கிடும். கண்ணை மூடிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பது போன்றது இது. ஒவ்வொரு அடியிலும் ஏற்படும் சிறு பிழை கடைசியில் பெரிதாகிவிடும். எனவே, அவ்வப்போது நிலத்தைப் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும்.

உயரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடலாமே என்று தோன்றும். ஆனால், கீழே ஒரு பெரும் பள்ளம் வந்தால் லேண்டர் திடீரென மேலே ஏறியதைப் போலக் காட்டும். கேமராவில் அடுத்தடுத்துப் படம் எடுத்து, நிலம் எவ்வளவு நகர்ந்தது என்றும் பார்க்கலாம். அதற்கும் உயரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் டாப்ளர் விளைவு கைகொடுக்கிறது. ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஹாரன் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்ற பின் தணிந்தும் கேட்கும். ஒளியும் அப்படித்தான். நிலத்தை நோக்கி அனுப்பும் லேசர் கதிர் திரும்பி வரும்போது, லேண்டரின் வேகத்துக்கு ஏற்ப அதன் அதிர்வெண் மாறியிருக்கும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இந்த மாற்றம் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். அனுப்பிய ஒளியோடு திரும்பிய ஒளியைக் கலந்து இந்த நுண்ணிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கதிர் தன் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே சொல்லும் என்பதால், முழு வேகத்தையும் அறிய வெவ்வேறு திசைகளில் கதிர்கள் வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது இந்த அளவைப் பாதிக்காது.

சந்திரயான்-3 இல் இந்த லேசர் டாப்ளர் வேகமானி புதிதாகச் சேர்க்கப்பட்டது. உணர்கருவிகளை ஹெலிகாப்டரில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி கால்களையும் வலுப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு லேண்டர் பத்திரமாக இறங்கியது.

அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். சந்திரயான்-2 விழுந்த நாளில் திருநாவலூரும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பாலிடெக்னிக் படிப்பு என்றால் குறைவு என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்த முறை பிறை பார்க்கப் பிள்ளைகளோடு மாடி ஏறும்போது, இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: சக்கரம் இல்லாத வண்டியின் வேகத்தை எப்படி அளப்பாய்?