ஓய்வில் இருக்கும் மூளை: கூறு வரைபடங்களைப் படிக்கும் முறை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் பாயும் கல்லாற்றில் பல மலையோடைகள் கலக்கின்றன. கீழே ஓரிடத்தில் முகந்த நீரைக் கொண்டு, எந்த ஓடை எவ்வளவு தந்தது என்று கணிப்பது எளிதன்று. ஓய்வில் இருப்பவரின் மூளையைச் செயல்நிலை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுக்கும்போது எழும் சிக்கலும் இத்தகையதே.

இக்கருவி நரம்பணுக்களின் செயலை நேரடியாக அளப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதைக் கொண்டே அதனை உய்த்துணர்கிறோம். 1995-ல் பரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும், கைகால் அசையாதபோதும் மூளையின் இருபுற இயக்கப் பகுதிகள் ஒத்திசைந்து ஏறி இறங்குவதைக் காட்டினர். கலந்து கிடக்கும் இத்தகைய அலைகளைப் பிரிக்க உதவும் கணித முறையே ‘சார்பற்ற கூறுகளின் பகுப்பாய்வு’ ஆகும். ஒவ்வொரு கூறும் ஒரு வரைபடத்தையும், அதற்குரிய காலத் தொடரையும் கொண்டது.

வரைபடத்தைப் படிக்கும்போது நான்கு செய்திகளை நினைவில் கொள்ளவேண்டும்.

முதலாவது, கூறுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஆய்வாளரின் தேர்வைப் பொறுத்தது. 20 கூறுகளாகப் பிரிக்கும்போது ஒன்றாகத் தோன்றும் அமைப்பு, 70 கூறுகளாகப் பிரிக்கும்போது பலவாகச் சிதறலாம்.

இரண்டாவது, சிவப்பு மிகுந்த செயலையும் நீலம் குறைந்த செயலையும் குறிப்பதாகக் கொள்வது தவறு. ஒரே கூறில் இவ்விரு நிறப் பகுதிகளும் எதிரெதிர்த் திசையில் மாறுகின்றன என்பதே பொருள்.

மூன்றாவது, எல்லாக் கூறுகளும் மூளையின் செயலைக் காட்டுவன அல்ல. மூளையின் விளிம்பில் வளையம்போல் தோன்றுவது பெரும்பாலும் தலையசைவின் விளைவு. இரத்தக் குழாய்களையும் மூளைத் தண்டுவட நீரையும் ஒட்டி அமைபவை நாடித்துடிப்பு, சுவாசம் ஆகியவற்றின் விளைவாக இருக்கலாம்.

நான்காவது, குறித்த வரம்பைக் கடந்த புள்ளிகள் மட்டுமே நிறம் பெறுகின்றன. நிறமற்ற இடம் செயலற்ற இடம் ஆகாது.

இவை ஏட்டளவிலான நுணுக்கங்கள் அல்ல. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சையும் செய்யப்படுகிறது. இத்தகைய சிகிச்சையில், பேச்சுக்கும் இயக்கத்துக்கும் உரிய பகுதிகளுக்கு ஊறு நேராமல் காப்பது இன்றியமையாதது. கட்டளைகளைப் பின்பற்ற இயலாத குழந்தைகளுக்கு ஓய்வுநிலைப் படம் ஒரு வாய்ப்பளிக்கிறது. ஆனால் நிறமற்ற இடத்தைப் பாதுகாப்பான இடமெனக் கொண்டு அகற்றினால், நோயாளி பேச்சை இழக்கவும் கூடும். எனவே மூளை மின்னலைப் பதிவு முதலிய பிற சோதனைகளோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும்.

கருவிக்கு நிதி ஒதுக்குவதோடு பணி முடிவதில்லை. படத்தை ஐயத்தோடு படிக்கவல்ல மருத்துவர்களையும் புள்ளியியல் அறிந்தோரையும் பயிற்றுவிப்பதும் அதே திட்டத்தின் பகுதியாக அமைதல் வேண்டும்.