விரல் நுனியில் தொடங்கும் கதை

பார்வையுள்ள குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே எத்தனையோ எழுத்துகளைப் பார்த்துவிடுகிறது: கடைப் பலகை, பேருந்தின் நெற்றி, பிஸ்கட் உறை. படிக்கத் தெரியாவிட்டாலும், அந்தக் கோடுகள் எதையோ சொல்கின்றன என்று அதற்குப் பிடிபட்டுவிடும். பார்வையற்ற குழந்தைக்கோ, யாராவது கொண்டுவந்து கையில் கொடுத்தால்தான் எழுத்து என்று ஒன்று உண்டு.

காதும் கேளாவிட்டால்? 1887 மார்ச்சில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு சிறுமி ஹெலன் கெல்லருக்குக் கற்பிக்க ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தபோது ஹெலனுக்கு 6 வயது. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் செவியும் போயிருந்தன. உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்கூட்டியே சல்லிவன் அவளோடு பேசினார். தண்ணீர்க் குழாயடியில், கையில் நீர் விழும்போது, சொல் என்றால் என்ன என்று ஹெலனுக்கு விளங்கிய கதை பலர் அறிந்தது. அடுத்து நடந்தது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. மேடாக அச்சிட்ட சொற்கள் கொண்ட அட்டைகளைச் சல்லிவன் கொடுத்தார். ஹெலன் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, சொல்லட்டைகளைப் பக்கத்தில் அடுக்கினாள். ஒருநாள் ‘சிறுமி’ என்ற அட்டையைத் தன் உடையில் குத்திக்கொண்டு அலமாரிக்குள் போய் நின்றாள். ‘அலமாரிக்குள் இருக்கிறாள்’ என்று பொருள்படும் சொற்களை அதன் தட்டில் வரிசைப்படுத்தினாள். தன் வாக்கியத்துக்குத் தானே எழுவாயாக நின்றாள் அந்தக் குழந்தை!

ஆசிரியர்கள் இன்று செய்யும் கதைப்பெட்டியும் இதை ஒத்ததுதான். கதையில் வரும் பொருள்களை ஒரு பெட்டியில் சேர்த்து, கதை நகர நகர ஒவ்வொன்றாகக் குழந்தையிடம் கொடுப்பார்கள். கூடியவரை உண்மைப் பொருளே வேண்டும். பிளாஸ்டிக் யானை, பார்ப்பவர்களுக்குத்தான் யானை. தொடும் விரலுக்கு அது வழவழப்பான ஒரு கட்டி. காக்கை வடை தூக்கிய கதைக்கு ஓர் இறகும் சூடு ஆறாத வடையும் இருந்தால், மணத்திலேயே பாதிக் கதை வந்துவிடும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துத் தொடவைக்கக் கூடாது. பெரியவர் கை கீழே, குழந்தையின் கை மேலே. பிடிக்காவிட்டால் அது கையை எடுத்துக்கொள்ளலாம்.

பொருள்களைத் தொட்டுப் பழகிய விரல் அடுத்துத் தொடுவது பிரெயில், அதாவது மேடான புள்ளிகளால் ஆன எழுத்து. இளம் வயதிலேயே பார்வை இழந்தவர்கள் அதைப் படிக்கும்போது மூளையில் பார்வைக்குரிய பகுதி இயங்குவதை, நோரிஹிரோ சடாட்டோவும் சகாக்களும் 1996இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். கண்ணிலிருந்து சேதி வராத இடம் விரலின் சேதியை வாங்கிக்கொள்கிறது.

படிக்கும் வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பார்வையற்ற குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், கதை சொல்லும் இன்றிரவே ஒரு பிரெயில் பக்கத்தையும் அதன் விரலுக்குக் கொடுங்கள்.