உங்களுக்குத் தெரியுமா? அப்பீலில் சாட்சியம்

● போடியிலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு ஒரு செய்தி. பாலியல் குற்றம் போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் நடந்தால் விசாரணை தேனி மாவட்டத்தில், அப்பீல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். செக்போஸ்ட் தாண்டி நடந்தால் விசாரணை இடுக்கியில், அப்பீல் கொச்சியில். புகாரை மட்டும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ‘எங்க எல்லை இல்லம்மா’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

● அப்பீலில் சாட்சி மறுபடி கூண்டேறுவது அபூர்வம். பாதிக்கப்பட்ட பெண் பேசியதை நேரில் கேட்டவர் விசாரணை நீதிபதி. மேலே இருப்பவர்களிடம் இருப்பது டைப் அடித்த சாட்சியமும் ஆவணங்களும்தான். இருந்தாலும் மொத்தத்தையும் புதிதாக எடைபோடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

● பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும். பஞ்சாபில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவந்த ஒரு கிராமத்துச் சிறுமியைக் கீழ்க்கோர்ட்டு நம்பவில்லை. கடத்திய கார் பியட்டா, அம்பாசிடரா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்! 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. குர்மித் சிங் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

● காகிதம் போதாது என்று நீதிபதியே கிளம்பிப் போனதும் உண்டு. 1992 வாச்சாத்தி பாலியல் வன்கொடுமை வழக்கின் அப்பீலில், தீர்ப்பு எழுதுமுன் 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்த மலையடிவாரக் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதி செய்தார்.

● நம் பக்கத்து வழக்கு ஒன்று நேர் எதிராக முடிந்தது. 2011 மே மாதம், சுருளி அருவிப் பகுதியில் காதலர் இருவர் கொல்லப்பட்டார்கள். பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாகியிருந்தார். 2018-இல் தேனி நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். 2019-இல் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது.

அரசுத் தரப்பின் முக்கியப் பிடி டிஎன்ஏ அறிக்கை. உடலில் எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போக ஏன் அத்தனை தாமதம், இடையில் அது யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தது? பதிவேட்டில் உருப்படியான பதில் இல்லை. கலப்படம் ஆகியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் விஞ்ஞானமும் கைகொடுக்காது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. அது சரியான சட்டம்தான். ஆனால் பதினான்கு வருஷம் காத்திருந்த இரண்டு குடும்பங்களுக்கு, யார் செய்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

● அந்தத் தீர்ப்பால் நாடு முழுக்க ஒரு நடைமுறை வந்தது. எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். கோர்ட்டு அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று வழக்கு முடியும்வரை தனிப் பதிவேடு வைக்க வேண்டும்.

● கன்னித்தன்மை பார்க்கும் ‘இரு விரல் சோதனை’ செய்யும் டாக்டர் மீதே நடவடிக்கை எடுக்கலாம். இது உச்ச நீதிமன்றத்தின் 2022 அக்டோபர் 31 தீர்ப்பு.

● எதிரி விடுதலையானால் அரசு அப்பீல் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, பாதிக்கப்பட்டவரே அப்பீல் செய்யலாம்.